60 ரூபாய்ச் சாதிச் சான்றிதழ்: நெல்லைச் சீமையில் யாருக்கு எத்தனை படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் நெல்லை மாவட்டத்தில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் வாசலில் செருப்புக் குவிந்து கிடக்கும். கையில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், டி.சி., மடிப்பில் கிழிந்த அப்பாவின் பழைய சான்று. வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் மூன்றுதான்: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் அரசு வைத்திருக்கும் கட்டணம் 60 ரூபாய். பாளையங்கோட்டையில் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் 60, பாபநாசம் மலைமேல் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைக்கும் 60. ஆனால் அந்தத் தாள் கைக்கு வர ஆகும் நாளும் அலைச்சலும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதுவும் தலைகீழாக மாறுகிறது. யாருக்கு அந்தத் தாள் அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அதிகக் காகிதம் கேட்கிறார்கள். இந்தச் சேவையை எடைபோட இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை.

தாளின் மதிப்பு என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் கல்விக்கும் அரசு வேலைக்கும் இடஒதுக்கீடு 69 சதவீதம். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் சேர்த்து 20, பட்டியல் சாதி 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடி 1. சான்றிதழில் எந்தப் பிரிவு அச்சாகிறதோ அந்த வரிசையில்தான் பிள்ளை நிற்கும். ஒரு சொல் தப்பினால் வரிசையே மாறிவிடும்.

எந்த மையத்துக்குப் போவது

தாலுகா ஆபீஸ் வளாகத்தில் அரசு கேபிள் டிவி நிறுவனம் நடத்துவது ஒன்று. ஊர்ச் சொசைட்டியில், அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் இருப்பது இன்னொன்று. மகளிர் குழுக்கள் நடத்துபவையும், ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த தனியார் மையங்களும் உண்டு. நான்கும் ஒரே இணையதளத்தில்தான் பதிகின்றன. "எங்ககிட்ட போட்டா சீக்கிரம் வரும்" என்று எந்த மையம் சொன்னாலும் நம்ப வேண்டாம். மையத்தின் வேலை பதிவதோடு முடிந்துவிடும். அதன் பிறகு மனு அதிகாரிகளின் கணினியில்தான் நகரும்.

அப்பாவின் சான்று கையில் இருக்கிற எளிய மனுவுக்குச் சொசைட்டி மையம் போதும். கூட்டம் குறைவு, நிதானமாக அடிப்பார்கள். கேட்க வேண்டியது நிறைய இருக்கிற மனு என்றால் தாலுகா ஆபீஸ் மையமே மேல். என்ன ஆவணம் வேண்டும் என்று அதே வளாகத்தில் சம்பந்தப்பட்ட பிரிவில் கேட்டுவிட்டு வந்து, அன்றைக்கே பதிந்துவிடலாம். தனியார் மையத்தின் ஒரே பலம் இரவு வரை திறந்திருப்பது. பீடிக் கடைக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, சித்தாள் வேலை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் 60 ரூபாய் என்றும் மனு எண்ணும் அச்சாகியிருக்கும். கூடுதலாகக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். ஸ்கேன், ஜெராக்ஸ், போட்டோவுக்கு என்றால் அது வேறு; "மேலே கொடுக்கணும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கவுண்டரில் நடப்பது

முதலில் குடிமக்கள் கணக்கு எண். மையத்தில் "கேன் நம்பர்" என்பார்கள். ஒருவருக்கு ஒரு முறை உருவாக்கினால் எல்லாச் சான்றிதழுக்கும் அதுவே. பெரும்பாலான சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் வேறு ஏதோ மனுவுக்காக யாரோ கேன் போட்டிருப்பார்கள். அம்மாவிடம் போன் இல்லை என்று மையத்துக்காரர் தன் எண்ணையோ பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ கொடுத்திருப்பார். இன்றைக்கு ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். ஆகவே முதல் கேள்வியாக "கேன்ல எந்த நம்பர் இருக்கு?" என்று கேளுங்கள். கடைசி நான்கு இலக்கம் திரையில் தெரியும். உங்கள் எண் இல்லையென்றால் அதை மாற்றிய பிறகு மனுவைத் தொடங்குங்கள். நாளை விசாரணைத் தகவலும் திருப்பி அனுப்பிய தகவலும் அதே எண்ணுக்குத்தான் வரும்.

ஆதாரில் போன் எண் சேர்க்க வேண்டியிருந்தால் கைரேகை வைக்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் இது தனிச் சிக்கல். இருபது முப்பது வருடம் பீடி இலையைச் சுருட்டிச் சுருட்டி விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும். பெருவிரலை எத்தனை தடவை வைத்தாலும் கருவி எடுக்காது. செங்கல் சூளையில், சுண்ணாம்பு வேலையில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு மோதிர விரலோ சுண்டு விரலோ பதியும். அதுவும் எடுக்கவில்லையென்றால் கருவிழிப் பதிவு கேளுங்கள். விரலை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் வைத்தால் சில சமயம் எடுக்கும். ரேகை தேய்ந்தது அந்தப் பெண்ணின் குற்றமல்ல. "நாளைக்கு வாங்க" என்ற பதில் அவளுக்கு ஒரு நாள் கூலியைக் காவு வாங்குகிறது. இதை மையத்துக்காரர்கள் மனதில் வைக்க வேண்டும்.

அடுத்து ஸ்கேன். போட்டோ 50 கே.பி., ஆவணம் ஒவ்வொன்றும் 200 கே.பி. அளவுக்குள் இருக்க வேண்டும். பழைய அட்டைச் சான்றை அந்த அளவுக்குச் சுருக்கினால் எழுத்து மங்கி, தாசில்தார் முத்திரை கறைபோலத் தெரியும். "ஆவணம் தெளிவில்லை" என்று மனு திரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். கறுப்பு வெள்ளையில், பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டி ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஏற வேண்டும். ஏறியதும் திரையில் திறந்து பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடியவில்லையென்றால் அதிகாரியாலும் முடியாது.

சுய உறுதிமொழிப் படிவத்தில் மனுதாரர் கையெழுத்துப் போட வேண்டும். பெயரும் இன்ஷியலும் ஆதார், டி.சி., ரேஷன் கார்டு மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இசக்கியம்மாள் ஒன்றில் இசக்கி, ஒன்றில் எசக்கியம்மாள் என்றிருப்பது நம் பக்கம் சாதாரணம். சின்ன வித்தியாசம் என்றால் மூன்று ஆவணத்தையும் சேர்த்து ஏற்றினால் போதும். அப்பா பெயரே வேறாக இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும்.

பதிந்த பிறகு மனு வி.ஏ.ஓ.வுக்கு (கிராம நிர்வாக அலுவலர்) போகும், பிறகு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்). அதற்குமேல் பாதை பிரிகிறது. பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்), எம்.பி.சி. (மிகப் பிற்படுத்தப்பட்டோர்) என்றால் மண்டலத் துணைத் தாசில்தார் கையெழுத்து. பட்டியல் சாதி என்றால் தாசில்தார். பழங்குடி என்றால் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். சமூக ஏணியில் கீழே போகப்போக, கையெழுத்துப் போடுகிறவர் ஆபீஸ் ஏணியில் மேலே போய்விடுகிறார். போலிச் சான்றிதழைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது உண்மை. பட்டியல் சாதி, பழங்குடி இடத்தை வேறு ஆள் பொய்த்தாள் காட்டித் தட்டிப் பறிப்பதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சந்தேகத்தின் முழுச் சுமையும் உண்மையான ஆள் தலையில் இறங்குவதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை.

படி படியாக

முதல் படியில் நிற்கிறவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கியூ.ஆர். கோடு உள்ள டிஜிட்டல் சான்று இருக்கிறவர். அதையும் டி.சி.யையும் ஏற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. வி.ஏ.ஓ.வைப் பார்க்கக்கூடத் தேவை வராது. அவர்களுக்கு இது நல்ல சேவை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த படி மேலப்பாளையம், பேட்டை பக்கம். பழைய டி.சி.யில் சாதி என்ற இடத்தில் "முஸ்லிம்" என்று மட்டும் எழுதியிருக்கும். 3.5 சதவீதம் எல்லா முஸ்லிம்களுக்கும் பொதுவானது அல்ல. அன்சார், தக்காணி, துதேகுலா, லெப்பை (இராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் என்று பெயர் குறித்த பிரிவுகளுக்குத்தான். ஆகவே லெப்பை என்று எழுதிய ஒரு ஆவணம் வேண்டும். அப்பா, பெரியப்பா, அத்தை யாருடைய சான்றிலாவது இருந்தால் அதையும் உறவைக் காட்டும் ரேஷன் கார்டையும் சேருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் ஜமாஅத் கடிதம் வி.ஏ.ஓ. விசாரணைக்குத் துணையாகும், அது மட்டுமே போதாது.

தேவேந்திரகுல வேளாளர் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2021 சட்டத்திருத்தம் தேவேந்திரகுலத்தான், கடையன், காலாடி, குடும்பன், பள்ளன், பன்னாடி, வாதிரியான் என்ற ஏழையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. பெயர்தான் மாறியது, பட்டியல் சாதிப் பட்டியலில் இருப்பது மாறவில்லை. அப்பா சான்றில் பழைய பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடையன் என்ற பிரிவில் திருநெல்வேலி உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடலோரப் பகுதி விலக்கப்பட்டிருக்கிறது. ராதாபுரம், திசையன்விளைக் கரையோரத்தில் இருப்பவர்கள் பதியும் முன்பே தாலுகா ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அருந்ததியர் வீடுகளில் வேறு தொல்லை. 2009-ல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் வாங்கிய சான்றில் பட்டியல் சாதி என்று மட்டும் இருக்கும். உட்பிரிவுப் பெயர் சரியாக இல்லையென்றால் பிள்ளைக்கும் பொதுப் பட்டியல் சாதி என்றே அச்சாகிவிடும்; அந்த 3 சதவீதத்துக்குள் போட்டியிட முடியாது. அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்ற ஏழில் எது என்று மனுவில் தெளிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகளில் தாத்தாவோ அப்பாவோ மாநகராட்சியில், நகராட்சியில் வேலை பார்த்திருப்பார்கள். அவர்களின் பணிப் பதிவேட்டில் சாதி எழுதியிருக்கும். அதன் நகல் நல்ல ஆதாரம்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வருவோம். பாளையங்கோட்டை, நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ஒரே வீட்டில் அண்ணன் பட்டியல் சாதி, தம்பி பி.சி. என்றிருப்பதைப் பார்க்கலாம். 1950-ம் ஆண்டு பட்டியல் சாதி ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை அதில் இல்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களை, எத்தனை தலைமுறை ஆனாலும், தமிழ்நாடு பி.சி. பட்டியலில் வைத்திருக்கிறது. தெருவில், கல்லறைத் தோட்டத்தில், சில ஊர்களில் கோயில் திருவிழாவில்கூட ஒதுக்கல் அப்படியே தொடர, தாளில் மட்டும் ஒரு படி ஏறிவிட்டார்கள். இது அநியாயம், ஆனால் கவுண்டரில் தீராது. மனு போடும்போது உண்மையை எழுதுங்கள். ஞானஸ்நானப் பதிவு ஒன்றும் டி.சி. வேறொன்றும் சொன்னால் பிற்பாடு சரிபார்ப்பில் வேலையே போகும்.

புதிரை வண்ணார்

இந்தச் சேவை மிக மோசமாகத் தோற்கிற இடங்களில் இது ஒன்று. புதிரை வண்ணார் பட்டியல் சாதி மக்களுக்குத் துணி வெளுத்தவர்கள். ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒதுக்கப்பட்டவர்கள். கண்ணில் பட்டாலே தீட்டு என்று இதே திருநெல்வேலியில் ஒரு காலத்தில் அவர்களைப் பகலில் நடமாட விடாமல் வைத்திருந்தார்கள். வண்ணார் எம்.பி.சி.; புதிரை வண்ணார் பட்டியல் சாதி. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் "வண்ணார்" என்று மட்டும் எழுதிவிட்டால், விடுபட்ட "புதிரை" என்ற ஒரு சொல் பிள்ளையை வேறு வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வி.ஏ.ஓ. ஊரில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஊருக்கு ஒரு வீடு, இரண்டு வீடு என்றுதான் இவர்கள் இருப்பார்கள். விசாரணையில் வாய் திறக்கப்போவது இவர்களை வேலை ஏவிய வீடுகள். உள்ளூரில் காட்ட உறவு வீடே இருக்காது. இந்த மாதிரி மனுவை வெறும் டி.சி.யோடு பதிந்தால் தள்ளுபடி நிச்சயம். பதியும் முன்பே இவற்றைச் சேர்க்க வேண்டும்: அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் எந்த ஊரில் இருந்தாலும் சரி, சான்றிதழ் வாங்கிய உறவினரின் நகல், அவருக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவைக் காட்டும் வம்சாவளி வரைபடம் (மூன்று தலைமுறைக்கு, ஒரே தாளில்), புதிரை வண்ணார் நல வாரிய உறுப்பினர் அட்டை இருந்தால் அது. கூடவே, உறவினர் இருக்கும் ஊர்களிலும் விசாரிக்கக் கோரி தாசில்தாருக்குத் தனியாக ஒரு எழுத்து மனு. அந்த மனுவுக்கு ஒப்புதல் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

காணி மக்கள்

சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற குடியிருப்புகள். மனுவில் கையெழுத்துப் போட வேண்டிய சார் ஆட்சியர் அலுவலகம் சேரன்மகாதேவியில். காரையாறு இறங்கி, பாபநாசம், அம்பாசமுத்திரம் தாண்டிப் போக வேண்டும். காரையாறு அணைக்கு அப்பால் இருக்கிற இஞ்சிக்குழிக்காரர்களுக்கு பஸ் ஏறுவதற்கு முன்பே அரை நாள் போய்விடும். விசாரணைக்கு வரச்சொல்லி எஸ்.எம்.எஸ். வந்தாலும் காட்டுக்குள் சிக்னல் எடுக்காத இடத்தில் போன் கிடக்கும். தேதி தாண்டிய பிறகு "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று மனு முடிந்துவிடும். விக்கிரமசிங்கபுரத்தில் நம்பகமான உறவினர் இருந்தால் அவர் எண்ணைக் கேனில் கொடுப்பதே நடைமுறையில் நல்லது. ஆனால் ஓ.டி.பி.யும் அவரிடம்தான் போகும் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

பழங்குடிப் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயரோடு இடமும் எழுதியிருக்கிறது: கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் தாலுகாக்கள். பிழைப்புக்காகப் பாளையங்கோட்டைக்கோ நாங்குநேரிக்கோ குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளை புது முகவரியில் மனுப் போட்டால் முட்டுக்கட்டை விழும். சொந்த ஊர் முகவரியை நிரந்தர முகவரியாகக் காட்டி அம்பாசமுத்திரம் வழியாகவே பதியுங்கள்.

அப்பாவின் பழைய சான்றை ஏற்றும்போது தேதியைப் பாருங்கள். 11.11.1989-க்கு முன் தாசில்தார் கொடுத்த பழங்குடிச் சான்று செல்லும். அதற்குப் பிறகு கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கொடுத்தது மட்டுமே செல்லும். இந்தத் தேதி தெரியாமல், 1990-களில் தாசில்தார் கையெழுத்திட்ட அட்டையை நம்பி மனுப் போட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் இருந்து 2024-ல் வேலை முடிந்து இறங்கிய தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கும் முகவரிதான் தலைவலி. தோட்ட லைன் வீட்டு முகவரியில் ரேஷன் கார்டு இருக்கும்போதே வாங்கிய சான்றுகளைத் தொலைத்துவிடாதீர்கள். புது ஊரில் வி.ஏ.ஓ.வுக்கு உங்களைத் தெரியாது. அந்தப் பழைய தாள்தான் உங்களுக்குச் சாட்சி.

வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று

வருமானச் சான்றில் அடிக்கடி நடக்கும் தப்பு, ஆண்டு வருமானக் கட்டத்தில் மாத வருமானத்தை அடிப்பது. மாதம் 7,000 என்றால் 84,000 என்று வர வேண்டும். சில மையங்களில் கேட்காமலேயே எல்லோருக்கும் ஒரே தொகையைப் போட்டுவிடுவார்கள். கல்வி உதவித்தொகைக்கு 2.5 லட்சம் வரம்பு. கணவன், மனைவி இரண்டு பேர் வருமானமும் கூட்டித்தான். பீடி சுற்றும் பெண் என்றால் பி.எப். சீட்டோ பாஸ் புத்தகமோ எடுத்துப் போங்கள். புத்தகம் வேறொருத்தி பெயரில் இருந்து, அவள் கணக்கில் பீடி போடுகிறவர்களுக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது. அவர்கள் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தில் ஒவ்வொருவர் படிப்பும் எழுத வேண்டும். தாத்தா பாட்டியும் அதில் அடக்கம். கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்ற அண்ணன் இருந்தால் மறைக்காமல் எழுதி, அவர் டி.சி. நகலைச் சேருங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

திருப்பி அனுப்பினால், தள்ளினால்

"கூடுதல் ஆவணம்" என்று திரும்பினால் அதே மனு எண்ணில் ஏற்றலாம். புதிதாக 60 ரூபாய் கட்டச் சொன்னால் மறுங்கள். தள்ளுபடி ஆகியிருந்தால்தான் புது மனு. காரணம் ஒரு வரியில் எழுதியிருக்கும், அதை அச்செடுத்து வாங்குங்கள். காரணம் தெரியாமல் அதே தாள்களோடு மறுபடி போடுவது வீண். இழுத்தடிப்பு என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். எழுதும்போது "காலதாமதம்" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து யார் நிலையில் நிற்கிறது என்று எழுதுங்கள். அந்த நிலை இணையத்தில் தெரியும்.

எப்போது போடுவது என்றால் ஜனவரி, பிப்ரவரியில். மே, ஜூனில் செர்வர் திணறும், வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கையில், மூழ்கியிருப்பார்கள். இரண்டு மூன்று கிராமத்துக்கு ஒரே வி.ஏ.ஓ. கூடுதல் பொறுப்பில் இருந்தால், எந்தக் கிழமை எந்த ஊரில் உட்காருவார் என்று தலையாரியிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

சான்று வந்ததும் மையத்தை விட்டு வெளியே வருமுன் நான்கு இடம் படியுங்கள்: பெயர், அப்பா பெயர், சாதியின் பெயர், பிரிவு. கியூ.ஆர். கோடை அங்கேயே போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். கலர் பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் கட்டாயமில்லை; அட்டெஸ்டேஷனும் வேண்டாம். மனு எண்ணையும் கேன் நம்பரையும் பேனாவால் எழுதி வையுங்கள், வீட்டில் தொலையவே தொலையாத ஒன்றின் பின்னட்டையில். ரேஷன் கார்டோ பீடிப் பாஸ் புத்தகமோ, எதுவானாலும் சரி.